கடைசித் தேதி

இன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டவேண்டும்,
இரண்டில் ஏதோ ஒன்றுக்கு.
மாதனூரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை.
ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டரில்
எனக்கு முன்னால் ஏழு பேர்.
எல்லோர் கையிலும் ஜாதிச் சான்றிதழ்,
வியர்வையில் வளைந்து.

சென்னைப் பல்கலைக்கழகங்களில் பெரிய ஒன்று.
போன மாதம் சுற்றிப் பார்க்கப் போனேன்.
கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஏதோ ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.
இருநூறு தலைகளுக்கு அப்பால்
ஒருவர் மைக்கில் பாறைகளின் வயதைச் சொன்னார்.
பக்கத்துப் பெண் பேனா கேட்டாள்,
திருப்பித் தரவில்லை.
நூலகம் ஆறு மாடி. நான்காவதில்
எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பாஷைக்கு
முழுசாய் ஒரு அலமாரி.
வெளியே வரும்வரை
நான் அங்கே படிக்கிறவள் இல்லை என்று
ஒரு ஆளும் கண்டுபிடிக்கவில்லை.

சின்னக் கல்லூரி மலையடிவாரத்தில்.
வருஷத்துக்குத் தொண்ணூறு பேர்.
பதினோரு நாற்காலி வட்டமாய்க் கிடந்தது;
பன்னிரண்டாவதை எனக்காக இழுத்து வந்தார்கள்.
"சுகிர்தா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"
நீங்க என்றார் அந்த மேடம்.
பதினேழு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
கேட்டதும்தான்
நான் எதுவும் நினைத்திருக்கவில்லை என்று
எனக்கே தெரிந்தது.
அவர் காத்திருந்தார். ஃபேன் சுற்றியது.
பதினோரு பேரும் காத்திருந்தார்கள்.
அப்புறம் ஏதோ சொன்னேன்.
அதைத் திரும்பிப் போர்டில் எழுதினார்.
என் வார்த்தை,
எழுத்துப்பிழை இல்லாமல்.

பெரியதில் ஒரு செமஸ்டர் ஃபீஸ்
அம்மாவின் பத்து நாள் சம்பளம்.
சின்னதில் ஸ்காலர்ஷிப் போக மீதி
அவளுடைய ஏழு மாதம்.
அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள்,
முப்பத்தாறிலிருந்து நாற்பத்திரண்டு வரை.
அளவு பற்றி ஒரு பழமொழியாவது சொல்வாள் என்று
ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்.
"ராத்திரி எத்தன மணி வரைக்கும் சோறு போடுவாங்க,
ரெண்டு எடத்துலயும்?"
அவ்வளவுதான் கேட்டாள்.
விசாரிக்க மறந்திருந்தேன்.

ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தேன்:
பாலாறு கால் மைல் அகலம்,
குடம் நிறைவது கையகல ஊற்றில்.
நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.
அந்தக் கார்த்திகையில்
ஆறு இரு கரையும் தொட்டு வந்ததே,
தரைப்பாலம் மூழ்கியதே,
ஊரே கரையில் நின்று கத்தியதே.
நானும் கத்தினேன்,
தொண்டை கிழிய, இரண்டு கெட்ட வார்த்தை உட்பட.
யார் கத்துவது என்று யாருக்கும் கேட்கவில்லை.
எங்கள் தெருவில் நான் இருமினால்கூட
மூன்று வீடு தாண்டி
"இன்னார் பொண்ணுக்குச் சளி" என்பார்கள்.
அன்றைக்கு ஒருநாள்
நான் யார் பொண்ணும் இல்லை.

ஏழு பேர் நாலாகி, ஒன்றாகி,
"எந்தக் காலேஜ்மா?" என்றான் சென்டர் பையன்
திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.
பெரியதின் பெயரைச் சொன்னேன்.
சர்வர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
அந்த இடைவெளியில் மேடம்
இன்னும் சாக்பீஸோடு நின்றிருந்தார்,
நான் மாற்றிச் சொன்னால் எழுதிக்கொள்ள.

ரசீது வந்தது. அதில் என் பெயர் இல்லை,
பதினோரு இலக்க எண் மட்டும்.
நாலாய் மடித்தேன். விரலில் மை ஒட்டியது.
பஸ்ஸுக்கு நிற்கையில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் மெஷின்களின் இரைச்சல்.
"ஒன்பதரை வரைக்கும் போடுவாங்களாம்" என்றேன்.
"என்னது?" என்றாள்.
"சோறு."
பொய்தான்.
இன்னும் யாரையும் கேட்கவில்லை.